கொரியா டவுனில் குடியேறுகிறீர்களா? லாஸ் ஏஞ்சலஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

லாஸ் ஏஞ்சலஸில் கார் இல்லாமல், கையில் அளவான காசோடு வீடு தேடுகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்கும் இடம் கொரியா டவுன். நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டு வருஷம் என்று நினைத்தது ஆறு வருஷமானது. புதிதாக வரும் பிள்ளைகள் போனில் கேட்கிற கேள்விகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் பேசுவதைவிட ஒரு தரம் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில்: எந்த இடம், யார் இருக்கிறார்கள்

டவுன்டவுனுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி. கிழக்கே வெர்மான்ட், மேற்கே வெஸ்டர்ன், வடக்கே மூன்றாம் தெரு, தெற்கே ஒலிம்பிக். 2010இல் நகராட்சி போட்ட எல்லை இது. வீட்டு விளம்பரம் போடுகிறவர்களுக்கு அந்த எல்லை ரப்பர் மாதிரி இழுபடும். அஞ்சல் எண் 90005, 90010, 90020 என்றால் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. 90004, 90006, 90019 என்றால் வரைபடத்தைத் திறந்து, ரயில் நிலையத்துக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பெயரைக் கேட்டு, சியோலில் இறங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பலகையில் கொரிய எழுத்து, கல்லாவில் கொரியர்; மாடிப்படியில் காதில் விழுவது ஸ்பானிஷ். குடியிருப்பவர்களில் பாதிப் பேர் மெக்ஸிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலா பக்கத்தவர்கள். கொரியர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். வசதி வந்த குடும்பங்கள் நல்ல பள்ளிக்கூடம் தேடி ஃபுல்லர்ட்டன், அர்வைன் என்று ஆரஞ்ச் கவுண்டிப் பக்கம் எப்போதோ நகர்ந்துவிட்டன. காலையில் வந்து கடை திறப்பார்கள், ராத்திரி பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கேயே தூங்கி எழுகிற கொரியர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், புதிதாக வந்தவர்கள், கல்யாணம் ஆகாத இளசுகள்.

இது எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கட்டடத்தைப் பார்த்தால் போதும். ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் 1965இல் வந்தது. மேற்கு ஜெர்மனிக்குச் சுரங்க வேலைக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்த ஹி டுக் லீ என்பவர் 1971இல் ஒலிம்பிக் சாலையில் ஒரு மளிகைக் கடை போட்டார். சில வருஷத்தில் பக்கத்திலேயே கொரிய ஓட்டுக் கூரை வைத்து 'விஐபி பேலஸ்' என்று பெரிய சாப்பாட்டுக் கடை கட்டினார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைக் கொரிய மொழியில் பலகை வைக்கச் சொல்லித் தூண்டியவரும் அவர்தான். 1980இல் நகராட்சி 'கொரியா டவுன்' என்ற பெயரை அங்கீகரித்தது. அந்த ஓட்டுக் கூரை இன்றும் இருக்கிறது. உள்ளே இருப்பது 'கெலகெட்சா' என்ற ஒஹாக்கா மாநிலத்து மெக்ஸிகன் சாப்பாட்டுக் கடை. கொரியக் கூரைக்குக் கீழே மோலே குழம்பு. ஊரின் லட்சணமே அதுதான். ஆகவே கொரிய மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளும்போது ஸ்பானிஷிலும் நாலு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய் ஒழுகினால் வருபவர் அந்த மொழிக்காரராகத்தான் இருப்பார்.

இரண்டாவது: வீடு

வந்து இறங்கிய முதல் மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அமெரிக்கக் கடன் வரலாறு இல்லாதவனுக்கு நல்ல வீடு கிடைக்காது, கிடைத்தாலும் நிபந்தனை அதிகம். முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குக் கொரியர்கள் வைத்திருக்கும் ஒரு வழி உண்டு: ஹாசுக். நம் ஊர் பேயிங் கெஸ்ட் மாதிரி, ஒரு வீட்டில் ஓர் அறை, கூடவே சாப்பாடு. விளம்பரங்கள் கொரிய மொழியில் இருக்கும். கொரிய மார்க்கெட் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். போன் கேமராவை மொழிபெயர்ப்பில் வைத்துப் படித்துக்கொள்ளலாம். எல்லோரும் வெளியாளுக்குக் கொடுக்க மாட்டார்கள். நேரில் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றால் பாதி வேலை முடிந்தது.

பிறகு சொந்தமாக வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை.

கட்டடம் எந்த வருஷம் கட்டியது? 1978 அக்டோபருக்கு முன் கட்டிய அடுக்குமாடிகள் பெரும்பாலும் வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் வரும். நகராட்சி ஆண்டுதோறும் சொல்லும் விகிதத்துக்கு மேல் வாடகை ஏற்ற முடியாது, காரணமில்லாமல் காலி செய்யச் சொல்லவும் முடியாது. கொரியா டவுனில் இப்படிப்பட்ட பழைய கட்டடங்கள் ஏராளம். உரிமையாளர் சொல்வதை நம்ப வேண்டாம். 'ஜிமாஸ்' என்ற நகராட்சி இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் ஆம், இல்லை என்று போட்டிருக்கும். புதுக் கட்டடத்தின் நீச்சல் குளத்தைப் பார்த்து மயங்கி, இரண்டாம் வருஷம் வாடகை எகிறியதும் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

நிலநடுக்கத்துக்குப் பலப்படுத்தியாகிவிட்டதா? தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்த விட்டுவிட்டு மேலே வீடு கட்டிய பழைய மரக் கட்டடங்களைப் பலப்படுத்த வேண்டும் என்று 2015இல் நகராட்சி உத்தரவு போட்டது. கார் நிறுத்தும் இடத்தில் புது இரும்புத் தூண்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

முன்பணம் எவ்வளவு? 2024 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஒன்றிரண்டு கட்டடம் மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு மட்டும் இரண்டு மாதம் வரை அனுமதி. என் முதல் வீட்டுக்காரர் வீட்டை விட்ட பிறகு 'சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு' என்று முக்கால்வாசிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார். தாளித்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் குடியேறிய நாளில் படம் எடுத்து வைக்காததால், அந்தப் பிசுக்கு எனக்கு முன்னாலேயே இருந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. சாவி வாங்கிய அன்றே அடுப்புக்கு மேலே, குளியலறை மூலை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

ஃபிரிட்ஜ் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் வாடகை வீட்டில் ஃபிரிட்ஜ் வராது என்பது வெகுகால வழக்கம். என் சமையலறையில் ஃபிரிட்ஜ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளக்கும் ஒரு கரப்பானும் இருந்தன. 2026 ஜனவரி முதல் போடும் ஒப்பந்தங்களில் அடுப்பும் ஃபிரிட்ஜும் உரிமையாளர் தர வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. இருந்தாலும் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் பழையதாக வாங்கினேன், இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு கொரியப் பாட்டியிடம். உள்ளே கிம்ச்சி (புளிக்க வைத்த கோஸ் ஊறுகாய்) வாசம் அப்படியே உறைந்திருந்தது. பாட்டி தன் மகனை விட்டு என்னிடம் சொல்லச் சொன்னார்: "காப்பித்தூள் வைப்பா, போயிடும்." மூன்று வாரம் வைத்தேன். போகவில்லை.

மூன்றாவது: கார் வாங்கும் முன் ஒரு மாதம் பொறுங்கள்

லாஸ் ஏஞ்சலஸில் கார் இல்லாமல் வாழ முடியாது என்பார்கள். இந்த ஒரு பகுதியில் முடியும். வில்ஷயர் சாலைக்கு அடியில் டி லைன் மெட்ரோ ரயில் ஓடுகிறது. வெர்மான்ட், நார்மண்டி, வெஸ்டர்ன் என்று மூன்று நிலையங்கள். வெர்மான்ட்டில் பி லைனும் நிற்கும், அது ஹாலிவுட் போகும். 'டாப்' அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பயணம் 1.75 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி மாறினால் தனிக் காசு இல்லை, ஒரு நாளில் 5 டாலருக்கு மேல் பிடிக்காது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வெர்மான்ட்டில் 204 பஸ். யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு வில்ஷயரில் 720.

கார் வாங்கியே தீருவேன் என்றால் நிறுத்துமிடத்தோடு வீடு எடுங்கள். சுமார் 2.7 சதுர மைலில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிற பகுதி. கட்டடங்களில் பாதி, கார் அரிதாக இருந்த 1920களில் கட்டியது போலிருக்கும். தெருவில் இடம் கிடைக்க ராத்திரி நாற்பது நிமிஷம் சுற்றியிருக்கிறேன். ஒரே கம்பத்தில் மூன்று நான்கு பலகைகள் அடுக்கியிருக்கும்: தெருக் கூட்டும் நாள், மாலை நெரிசல் நேரம், அனுமதி உள்ளவர்க்கு மட்டும். மேலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றையும் படியுங்கள். கூட்டும் நாளில் மாட்டினால் 73 டாலர். மாலை நெரிசல் நேரத்தில் சாலை ஓரத்தில் விட்டால் வண்டியையே இழுத்துப் போய்விடுவார்கள். மீட்க ஆகும் செலவில் ஒரு மாத மளிகை வாங்கலாம். கடைகளுக்கு முன்னால் பத்து கார் நிற்கும் இடத்திலும் காரை வாங்கி நிறுத்தித் தரும் 'வாலே' ஆள் இருப்பார். சாவியைக் கொடுத்துவிட்டுச் சில டாலர் கொடுப்பதுதான் இங்கே வழக்கம்.

நான்காவது: எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், மொழி அப்புறம்

இதைச் சொன்னால் பலர் கேட்பதில்லை. நான் சொல்பவற்றில் அதிகம் பலன் தந்தது இதுதான்.

கொரிய எழுத்து ஹாங்குல். சேஜோங் மன்னர் காலத்தில், 1446இல் வெளியிடப்பட்டது. அடிப்படை எழுத்து 24தான். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக உட்காரும். உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள்தான் தடுமாறுவார்கள். இன்னொரு வசதியும் உண்டு. நமக்குக் 'கடல்' என்னும்போது ஒரு ககரம், 'அகம்' என்னும்போது இன்னொரு ககரம். எழுத்து ஒன்றுதான், இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது. ஹாங்குலிலும் சாதாரண க, த, ப எல்லாம் அப்படியே: சொல்லின் முதலில் வல்லொலி, இரண்டு உயிருக்கு நடுவில் மெல்லக் குழையும். இதைப் புரிய வைக்க ஆங்கிலப் பாடநூல்கள் இரண்டு பக்கம் எழுதும். நமக்கு ஒரு வரி போதும். இரண்டு சனிக்கிழமை ஒதுக்கினால் பலகை படித்துவிடலாம்.

படித்தால் என்ன லாபம்? 'யாக்குக்' என்றால் மருந்துக் கடை. 'சிக்தாங்' சாப்பாட்டுக் கடை. 'ச்சிக்வா' பல் மருத்துவர். 'புதோங்சான்' வீடு, மனை தரகர். 'கியோஹ்வே' தேவாலயம், தெருவுக்குத் தெரு இருக்கும். பாதிப் பலகைகளில் ஆங்கிலச் சொல்லையே ஹாங்குலில் எழுதியிருப்பார்கள், வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். கொரியர்கள் தங்களுக்குள் கொரியா டவுன் என்றும் சொல்வதில்லை. 'ஹனின் டவுன்' என்பார்கள்.

'அப்பா'வுக்கு அவர்களும் 'அப்பா' என்பதைக் கேட்டு முதல் வாரம் நாலைந்து தரம் திரும்பிப் பார்ப்பீர்கள். அம்மா 'ஒம்மா'. உடனே தமிழும் கொரியமும் ஒரே குடும்பம் என்று கடைக்காரரிடம் வகுப்பெடுக்காதீர்கள். மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக சென்னை என்று சொல்லுங்கள். ஹூண்டாய் தொழிற்சாலை இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது சிலருக்குத் தெரியும், பேச்சு அங்கிருந்து தானாக நகரும்.

ஐந்தாவது: மார்க்கெட்

ஒலிம்பிக்கும் வெஸ்டர்னும் சந்திக்கிற முனையில் கேலரியா, வெஸ்டர்னில் கொரியா டவுன் பிளாசா. இரண்டிலும் மார்க்கெட்டும் சாப்பாட்டுக் கடை வரிசையும் உண்டு. ஹன்னம் செயின் போன்ற வேறு மார்க்கெட்டுகளும் இருக்கின்றன. தமிழ்ச் சமையலறைக்கு என்ன தேறும் என்று சொல்கிறேன்.

மியோல்சி என்று பை பையாகத் தொங்குவது நெத்திலி. குட்டி அளவு வறுக்க, பெரியது ரசத்துக்கு. நம் கருவாடு போல உப்பு கடிக்காது, ஒரு தரம் அலசினால் போதும். 'மு' என்ற தடித்த முள்ளங்கி சாம்பாருக்கு நம் முள்ளங்கியைவிடக் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். உருண்டை அரிசி சாதத்துக்குப் பிசுபிசுக்கும், பொங்கலுக்கு அற்புதம். தோல் நீக்கிய பாசிப்பருப்பு 'நொக்து' என்ற பெயரில் கிடைக்கும். அதை ஊறவைத்து அரைத்து அவர்கள் சுடும் பிந்தெத்தொக், பன்றி இறைச்சியை நீக்கிவிட்டால் பெசரட்டுக்குப் பங்காளி. கொச்சுகாரு மிளகாய்த்தூள் நிறத்துக்கு மட்டும். அதை நம்பி மீன் குழம்பு வைத்தால் சிவப்பாக இருக்கும், உறைக்காது.

கறிவேப்பிலைக்குக் கொரிய மார்க்கெட்டில் தேட வேண்டாம். மூன்றாம் தெருவில் அலெக்சாண்ட்ரியாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் இடையே 2010இல் 'லிட்டில் பங்களாதேஷ்' என்று பெயர் சூட்டப்பட்ட துண்டு இருக்கிறது. கொரியா டவுனுக்குள்ளேயே இன்னொரு ஊர். பருப்பு, கடுகு, மஞ்சள், ஹலால் இறைச்சி எல்லாம் அங்கே. கறிவேப்பிலை வரும் நாளைக் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அந்த இலையில் வரும் என்பதால் கலிஃபோர்னியாவில் கெடுபிடி அதிகம். அம்மா பெட்டியில் ஒளித்து வைத்து அனுப்பினால் விமான நிலையத்தோடு சரி. இட்லி அரிசி, தேங்காய்த் துருவல் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தியக் கடைகள் நிறைந்த ஆர்ட்டீசியா வரை போய் வர வேண்டும்.

ஆறாவது: சாப்பாட்டுக் கடையில்

உட்கார்ந்ததும் கேட்காமலே சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்து மேசை நிறையும். அது பன்சான், அதற்குக் காசில்லை, தீர்ந்தால் திரும்பவும் தருவார்கள். பந்தியில் தொடுகறி கேட்கிற மாதிரிக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். கரண்டியும் குச்சியும் மேசைக்குக் கீழே இழுப்பறையில் இருக்கும். கூப்பிட மேசையில் பொத்தான் இருக்கும், இல்லாவிட்டால் 'யோகியோ'. சாதத்தில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள், அது இறந்தவருக்குப் படையல். பெரியவர் கரண்டி எடுத்த பிறகு நீங்கள் எடுங்கள். எதையும் இரண்டு கையால் கொடுங்கள், இரண்டு கையால் வாங்குங்கள்.

சைவர்கள் கவனிக்க. கிம்ச்சி பார்க்கக் கோஸ்தான். உள்ளே உப்பிட்ட இறால் அல்லது மீன் சாறு இருக்கும். காளான் போட்ட சுன்துபு (மெத்தென்ற டோஃபு குழம்பு) என்றாலும் அடியில் நெத்திலி வேகவைத்த தண்ணீர். 'கோகி பெஜுசெயோ' என்றால் இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம், அதில் மீன் சேராது. ஆகவே 'ஹேமுல்' என்று கடலுணவையும் தனியாகச் சொல்ல வேண்டும். பயமில்லாமல் சாப்பிட: பூசணிக் கஞ்சியான ஹோபாக்ஜுக், கோடையில் குளிர்ந்த சோயாப் பாலில் வரும் நூடுல்ஸான கொங்குக்சு. காய்கறி போட்ட கலவைச் சாதமான பிபிம்பாப்பில் இறைச்சியும் முட்டையும் நீக்கச் சொன்னாலும், மேலே வைக்கும் சிவப்பு விழுதில் மாட்டிறைச்சி வதக்கிப் போட்டிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கூப்பிடும் முறை நமக்கு எளிது, ஒரே ஒரு கண்ணி தவிர. பரிமாறும் வயதான பெண்ணை 'இமோ' என்று கூப்பிடலாம். அம்மாவின் அக்கா தங்கை, நம் பெரியம்மா, சித்தி மாதிரி. 'அஜும்மா' என்றால் முகம் மாறக்கூடும். கடைக்காரர் ஆணோ பெண்ணோ, 'சாஜங்நிம்' என்றால் முதலாளிக்கு மரியாதை, யாரும் கோபிக்க மாட்டார்கள். முதல் சந்திப்பிலேயே வயது கேட்பார்கள். எப்படிப் பேசுவது என்று முடிவு செய்யத்தான் அது. நீங்க, நீ பிரச்சினை அவர்களுக்கும் உண்டு.

ஜிம்ஜில்பாங் என்ற குளியல் நிலையத்துக்கு நண்பர்கள் இழுப்பார்கள். ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. அந்தப் பகுதிக்குள் உடையில்லாமல்தான் போக வேண்டும். பொது மாடியில் அவர்களே தரும் அரைக்கால் சட்டையும் பனியனும் போட்டுக்கொண்டு சூடான அறைகளில் படுத்திருக்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்; வாசல் வரை போய் விழிப்பதுதான் சங்கடம்.

ஏழாவது: வேலையும் பணமும்

மாணவர் விசாவில் இருப்பவர்கள், கடையில் ரொக்கமாகச் சம்பளம் தருகிறோம் என்றால் போகாதீர்கள். பிடிபட்டால் படிப்பே போகும். விசா அனுமதி இருந்து வேலை செய்து சம்பளம் வரவில்லையென்றால் கீவா என்ற தொழிலாளர் அமைப்பு இருக்கிறது. 1992இல் தொடங்கியது, கொரியத் தொழிலாளிக்கும் லத்தீன் தொழிலாளிக்கும் சேர்ந்தே பேசும், எதிரே இருப்பது கொரிய முதலாளியானாலும்.

கொரியர்களிடம் 'கே' என்று ஒன்று உண்டு. பத்திருபது பேர் மாதாமாதம் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. வங்கி கடன் தராத காலத்தில் எத்தனையோ கடைகள் அந்தப் பணத்தில்தான் திறந்தன. அச்சு அசல் நம் சீட்டு. நடத்துகிறவர் ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எட்டாவது: ஏப்ரல் 29

வயதான கடைக்காரர்கள் 'சாயிகு' என்று சொல்லக் கேட்பீர்கள். நான்கு, இரண்டு, ஒன்பது. 1992 ஏப்ரல் 29. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களை நடுவர் குழு விடுவித்த அன்று தொடங்கிய கலவரம். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொரியர்களின் கடைகள் மட்டும் 2,000க்கு மேல் எரிந்தோ சூறையாடப்பட்டோ போயின. அதற்கு ஒரு வருஷம் முன்பு, ஆரஞ்சுச் சாறு திருடினாள் என்று நினைத்து, லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமியை ஒரு கொரியக் கடைக்காரர் சுட்டுக் கொன்றதும், அவருக்குச் சிறைத் தண்டனை இல்லாமல் போனதும் அந்தத் தீக்குள் இருந்தது. போலீஸ் வரவில்லை, கொரிய வானொலியில் உதவி கேட்டுக் கடைக்காரர்கள் தாங்களே கூரையேறி நின்றார்கள்.

துப்பாக்கியோடு கூரையில் நின்ற படங்களை இணையத்தில் வேடிக்கையாகப் பகிர்கிறார்கள். என் தெருமுனையில் சலவைக் கடை வைத்திருந்தவரிடம் ஒரு பையன் அந்தப் படத்தைக் காட்டி "நீங்களும் இருந்தீங்களா?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. அவன் சட்டையை மடித்து, காகிதத்தில் சுற்றி, ரசீதை இரண்டு கையாலும் நீட்டினார். நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள்.

கடைசியாக: வீட்டை விடும்போது

முப்பது நாள் முன்பு எழுத்தில் சொல்லுங்கள். காலி செய்யும் முன் உரிமையாளரோடு ஒரு சுற்றுப் பார்க்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள். வெளியேறிய 21 நாளுக்குள் முன்பணமோ, பிடித்ததற்குக் கணக்கோ வர வேண்டும். வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. வக்கீல் தேவையில்லை, அந்தப் பழைய படங்கள் இருந்தால் போதும்.

சாமான்களை மார்க்கெட் அறிவிப்புப் பலகையிலேயே விற்றுவிடலாம். என் ஃபிரிட்ஜை வாங்க மூன்றாம் தெருவிலிருந்து ஒரு பங்களாதேஷ் மாணவர் வந்தார். கதவைத் திறந்தவர் மூக்கைச் சுருக்கினார். "கிம்ச்சி, எனக்கு முன்னாடி இருந்தவங்களோடது" என்றேன். இன்னொரு தரம் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "இல்ல அண்ணா, இது வேற ஏதோ பெருங்காயம் மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பத்து டாலர் குறைத்துக்கொண்டார்.